தெர்மாமீட்டர் கேட்ட கேள்வி

நர்ஸ் எஸ்தரின் பையில் தெர்மாமீட்டர் வைத்ததுதான் சட்டம். அன்று கமருன் என்ற பெண்ணின் வீட்டில், கமருனுடைய சின்ன மகளின் அக்குளிலிருந்து வெளியே வந்ததும் அது, "காய்ச்சலே இல்லை, கிளம்பலாம்" என்றது.

பைக்குப் புதிதாக வந்திருந்த குட்டி டெங்கு சோதனைக் கருவி தயங்கித் தயங்கிச் சொன்னது: "அண்ணே, இப்பதான் காய்ச்சல் மாத்திரை கொடுத்திருக்காங்க. கையெல்லாம் கொசுக்கடி வேற. ஒரு சொட்டு ரத்தம் பார்த்துடட்டுமா?"

"நேத்து வந்தவன் நீ, எனக்கே சொல்றியா?"

அதற்குள் எஸ்தர் பிள்ளையின் விரலில் குத்தி, கருவியில் ஒரு சொட்டு விட்டாள். கால் மணி நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"டெங்குதான். பயப்படாதீங்கம்மா, ஆரம்பத்திலேயே பிடிச்சுட்டோம்" என்று கமருனிடம் சொல்லி, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள் எஸ்தர்.

சில நாள் கழித்து, அந்தப் பிள்ளை குணமாகி மறுபடி தெருவில் பாண்டி ஆடுவதைத் தெர்மாமீட்டர் பார்த்தது. அன்று போன அடுத்த வீட்டில், அக்குளிலிருந்து வெளியே வந்ததும் அது பைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டது:

"தம்பி, எனக்குக் காய்ச்சல் தெரியலை. உனக்கு?"