அரை டம்ளர்

இந்த மாசமும் அரை டம்ளர்தான்.

"ஏலே அல்தாபு, இதுக்குப் பேரு டீயாடா?" அய்யாத்துரை அண்ணன் டம்ளரைச் சாய்ச்சு என் மூஞ்சிக்கு நேரா காட்டுனாரு. "நாக்கு நனையிறதுக்குள்ள முடிஞ்சு போகுது."

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, உரக்கடை மாடியில எங்க கூட்டம். மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை. மனசுக்கு மாத்திரை சாப்பிடுறவங்க கூடுற சங்கம். ரெண்டாயிரத்து ஏழு ஜனவரியில மதீனாக்கா ஆரம்பிச்சாக. ஊருக்குள்ள எங்களுக்கு என்ன பேரு வைப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும், நான் வேற சொல்லணுமா? அதனால யாருக்கும் சொல்லாமத்தான் வருவோம்.

வந்து பாயில உக்காந்ததும் ஒவ்வொருத்தரும் பேரு, ஊரு, ராத்திரி மாத்திரை போட்டாச்சான்னு சொல்லணும். அதுதான் எங்களுக்கு வணக்கம். அப்புறம்தான் பேச்சு, அழுகை, சிரிப்பு எல்லாம்.

டீ கீழ வீரணன் கடையிலருந்து வரும். ஜனவரியில நிறைச்சுத்தான் கொண்டாந்தாரு. அன்னைக்கு அய்யாத்துரை அண்ணன் வேட்டி மேல டீயைக் கொட்டிக்கிட்டு ஒரே கூத்து. விழுந்து விழுந்து சிரிச்சோம். பிப்ரவரியிலருந்து அரை டம்ளராப் போச்சு.

அது மட்டுமா? ஒருத்தருக்கும் கையில எடுத்துத் தர மாட்டாரு. டம்ளர் சொருகுன கம்பிக்கூட்டை வாசப்படியில வச்சிட்டு, "எடுத்துக்கங்க"ன்னு ஒரு சத்தம். வச்சவரு போவாரான்னா அதுவும் இல்ல. கூட்டம் முடியிற வரைக்கும் கதவோரம் நின்னு, நாங்க பேசுறதைப் பூரா காதுல வாங்குவாரு. கேட்டா, "டம்ளரை எடுத்துட்டுப் போகணும்ல?"

"தொட்டா நம்ம வியாதி ஒட்டிக்கிரும்னு நினைக்கிறான்டா. இங்கன கேட்டதையெல்லாம் கடையில போயி ஒப்பிக்கப் போறான் பாரு." அய்யாத்துரை அண்ணன் குரல் இறங்கிப் போச்சு. "என் மக சுபாஸ்ரீக்குச் சின்னமனூர்ல மாப்பிள்ளை பேசிக்கிட்டு இருக்கோம். அப்பன் மாத்திரை சாப்பிடுறான்னு தெரிஞ்சா ஒரு பய வாசல் மிதிப்பானா?"

அவரு சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. எனக்கோ ஒரு விசயம் பிடிபடலைன்னா மாத்திரை போட்டாலும் தூக்கம் வராது. ஒரு புதன்கிழமை வீரணன் கடைக்கே போயிட்டேன்.

டீ ஆத்துறது பூரா அவரு பொண்டாட்டி சொர்ணலதா. பாவம், வேர்த்து வழியுது. இவரு கல்லாவுல சாஞ்சு உக்காந்து பேப்பர் பாக்குறாரு. கொடுத்து வச்ச மனுசன்னு நினைச்சுக்கிட்டேன்.

சொர்ணலதா கொண்டாந்து மேசையில வச்ச டீ, விளிம்பு வரைக்கும் இருந்துச்சு. அப்ப மாடிக்கு மட்டும் என்ன வஞ்சனை?

பக்கத்துல பீடி குடிச்சுக்கிட்டு இருந்த ஆளு கேட்டாரு. "ஏப்பா வீரணா, மேல ஞாயித்துக்கிழமை என்னாப்பா கூட்டம்?"

எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு.

வீரணன் பேப்பர்லருந்து தலையத் தூக்கல. "சீட்டுக் கூட்டமாம்."

எல்லாத்தையும் காதால கேட்ட மனுசன் ஏன் இப்படிப் புளுகணும்? எனக்கு மண்டை காஞ்சுபோச்சு. அய்யாத்துரை அண்ணன்கிட்டச் சொன்னேன்.

"நடிப்புடா. சமயம் பாத்து ஊருக்கெல்லாம் சொல்லிருவான்"னாரு அவரு.

டிசம்பர் கூட்டம். அண்ணன் வரும்போதே மூஞ்சி சரியில்ல. "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துர்றேன். இனி அவன் இந்தப் படி ஏறக் கூடாது."

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா சண்டை போடாதீக"ன்னு மதீனாக்கா கெஞ்சுனாக. அண்ணன் கேக்குற நிலையில இல்ல.

கம்பிக்கூடு வாசல்ல உக்காந்துச்சு. "எடுத்துக்கங்க."

"நில்லுய்யா." அண்ணன் எந்திரிச்சுட்டாரு. "கீழ வர்றவனுக்கெல்லாம் நிறைச்சுக் குடுக்குற. எங்களுக்கு மட்டும் அரையா? நாங்க என்ன அரை மனுசனா?"

வீரணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"கீழ மேசை இருக்குண்ணே. குனிஞ்சு உறிஞ்சிக்கிரலாம். இங்கன கையில பிடிச்சுல்ல குடிக்கணும்? மாத்திரை சாப்பிடுற கை நடுங்கும். நிறைச்சுக் குடுத்தா மேல கொட்டிக்கிரும். ஜனவரியில உங்க வேட்டியில கொட்டுனப்ப எல்லாரும் சிரிச்சாக. நீங்க மட்டும் சிரிக்கல. நான் பாத்தேன்."

அண்ணன் அப்படியே உக்காந்துட்டாரு. நாங்க எல்லாரும் அவங்கவங்க கையைப் பாத்தோம். வெக்கமா இருந்துச்சு.

மதீனாக்காதான் மெதுவாக் கேட்டாக. "அது சரி தம்பி. மாத்திரையாலதான் கை நடுங்குதுன்னு எங்க வீட்டாளுகளுக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கம்பிக்கூட்டுல ஒரு டம்ளர் மிச்சம் இருந்துச்சு. வீரணன் குத்தவச்சு, அதை ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தூக்குனாரு. அரை டம்ளர்தான். அதுவும் தளும்புச்சு.

ஒரு வருசமா அந்த வாசப்படியத் தாண்டாதவரு, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தாரு. அய்யாத்துரை அண்ணன் நகர்ந்து பாயில எடம் விட்டாரு. வீரணன் உக்காந்து, தொண்டையச் செருமிக்கிட்டுச் சொன்னாரு.

"பேரு வீரணன். ஊரு கடமலைக்குண்டு. ராத்திரி மாத்திரை போட்டாச்சு."