இரண்டாவது அட்டை

சேலையூர் கிளினிக்கின் ஃபேன் காற்றில், கேஸை முடித்துவைக்கும் ராஜிப் பத்திரம் படபடக்கிறது. மீன் விற்கும் காந்தா அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கிறாள். இங்கே நர்ஸ் தடுப்பூசி போட்ட மறுநாளிலிருந்து அவளுடைய மூத்தவன் லோகு காலை இழுத்துத்தான் நடக்கிறான். ஊசியால் இல்லை, காய்ச்சலால் என்று டாக்டர் மூன்று வருஷமாகச் சாதித்தார். பத்திரமும் அதையேதான் சொல்கிறது. ஆனால் ஆபரேஷனுக்கு வேண்டிய நஷ்டஈட்டைத் தர ஒப்புக்கொண்டுவிட்டார். "படிச்சுக் காட்டிட்டேன், கையெழுத்துப் போடும்மா," என்கிறார் அவளுடைய வக்கீல் யேசுதாசன். பேனா வழுக்குகிறது. புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் போட்டு முடிக்கிறாள். "எம்புள்ள ஓடுவான் சார்!" ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கும் லோகு கைதட்டுகிறான். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். காந்தா இடுப்பிலிருக்கும் ஒன்பது மாதப் பெண்குழந்தையை மேஜைமேல், பத்திரத்தின் பக்கத்திலேயே உட்காரவைக்கிறாள். மடியிலிருந்து மடிப்புக் கலையாத தடுப்பூசி அட்டையை எடுக்கிறாள். ஒரு கட்டத்திலும் தேதி இல்லை. "கேஸு முடியட்டும்னு இவளுக்கு ஒண்ணுமே போடல. இப்ப போடு சார். நர்ஸு வாணாம், நீயே போடு. நான் பாத்துக்கினே கீறேன்."