ஏணியின் சாய்வு

வீடு கட்டும் கணினி விளையாட்டு ஒன்றில் ஏணிக்கு அநியாயம் நடந்தது. சுவரில் சாய்ந்து நின்ற குற்றத்துக்காக, பொருள்களை இம்மி பிசகாமல் நிறுத்தும் கருவி அதை நட்டுக்குத்தாக நிமிர்த்தி, சுவரை விட்டுத் தள்ளி வைத்தது.

"பதினைந்து டிகிரி சாய்வு. வெட்கமாக இல்லை? தூணைப் பார்," என்றது கருவி.

"தூணில் யார் ஏறுகிறார்கள்?" என்றது ஏணி.

"வாய் மட்டும் நீளம்."

கூரையில் ஓடு பதித்துக்கொண்டிருந்த மேஸ்திரி பொம்மை, வேலை முடிந்து காலைத் தொங்கவிட்டுத் துழாவியது. "ஏணியை எவன்டா எடுத்தது?"

கருவி பதறி ஓடிவந்தது. "ஒரு நிமிஷம் சாய்த்து வைக்கிறேன். அவர் இறங்கியதும் நிமிர்த்திவிடுகிறேன்."

"இறங்கட்டும்," என்றது ஏணி. "நான் சாய்ந்து நின்றது தப்பா என்று அவரையே கேள். அதற்குப் பிறகு என் மேல் கை வை."