கட்டிலில் ஆறு டிகிரி

உயிருள்ள உடம்பில் மின் சிக்னல் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். அந்தத் தாமதத்தை டிகிரியில் அளப்பது என் வேலை; உடம்பு தெம்பாக இருந்தால் எண் கூடும், நலிந்தால் குறையும். காலையில் மெஷினைச் சோதிக்க என் வீட்டுக்காரர்தான் கட்டிலில் படுப்பார். "கிளிப்பு சில்லுனு இருக்கு" என்று சிணுங்குவார். உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக் கை, காலில் மாட்டுவேன். நோயில் ஆறு டிகிரி மூன்றாகி, அவரும் போய்விட்டார்.

மறுவாரம் பழக்கதோஷத்தில் கிளிப்புகளைத் தேய்த்து வெறும் கட்டிலில் வைத்துவிட்டேன். திரையில் மூன்று டிகிரி.

மெக்கானிக் வந்து கிளிப்புகளை வைத்தபோது திரை ஒன்றும் காட்டவில்லை. "காத்துக்கு ஏதுக்கா டிகிரி?" என்று சிரித்தார். அவர் தேய்க்காமல் வைத்தார். தேய்க்கணும் என்று நான் சொல்லவில்லை.

மாதாமாதம் எண் ஏறியது. இன்று காலை ஆறு.

"இப்பத்தான் உடம்பு தேறியிருக்கு," என்றேன் கட்டிலைப் பார்த்து. "சட்டுனு எழுந்திருக்காதீங்க."