பத்தாவது மெஷின்

"சார், உங்க ஆளு கொடுத்த லிஸ்ட்ல ஒன்பது இருக்கு. என் சாஃப்ட்வேர் பத்து காட்டுது."

பெங்களூரிலிருந்து வந்திருந்த ஆடிட்டர் பிரபாகர் இப்படிச் சொன்னதும் மாதவராஜ் டீ டம்ளரைக் கீழே வைத்தார். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மாங்கூழ் பேக்டரிக்கு அவர்தான் முதலாளி. ஒரு பேனா காணாமல் போனாலே மூன்று பேரை விசாரிப்பவர். இங்கே ஒரு கம்ப்யூட்டரே கூடுதலாக இருக்கிறது.

"எந்த ரூம்ல இருக்குது?"

"ரூம்ல இருக்காது சார். இது விர்ச்சுவல் மெஷின். ஒரே சர்வருக்குள்ள பல கம்ப்யூட்டர் தனித்தனியா ஓடும், கண்ணுக்குத் தெரியாது. அதையெல்லாம் தானாவே தேடிக் கண்டுபிடிச்சு லிஸ்ட்ல ஏத்தறதுதான் இந்த சாஃப்ட்வேரோட வேலை."

"பேரு கீரு போட்டிருக்குதா?"

பிரபாகர் குரலைத் தாழ்த்தினார். "வி, டபுள் ஓ, டி, யு. வூடூ."

"அப்படின்னா?"

"பில்லி சூனியம் சார். ஹேக்கருங்கதான் இப்படிப் பேர் வைப்பாங்க."

மாதவராஜ் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் நிசார் அகமதுவுக்கு ஆள் போனது. பதினோரு வருஷமாக சர்வர் ரூம் சாவி அவரிடம்தான். வந்தார், திரையைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"சூனியமெல்லாம் இல்லீங்க சார். வூடுங்க."

"எந்த வூடு?"

"நம்ம குடியிருக்கற வூடுதாங்க. குடோனுக்கு இருக்கற மெஷினுக்கு குடோன்னு பேரு வெச்சிருக்கேன். இது வூட்ல இருந்து வேலை பாக்கறதுக்கு. அதான் வூடு."

பிரபாகர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழில் வீடுதான் உண்டு. நோட்டில் 'அபாயம்' என்று எழுதியிருந்ததை அடித்தார்.

மாதவராஜுக்கு அபாயம் அப்போதுதான் ஆரம்பித்தது.

"வூட்ல இருந்து வேலையா? என் கம்பெனிலயா? கூடாதுன்னு சர்க்குலர் போட்டு ஒட்டியிருக்கேன்ல? வூட்ல இருந்து வேலை பாக்கறேங்கறவன் பூரா தூங்கறவன். யாரு அது?"

நிசார் தயங்கினார். சாஃப்ட்வேருக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது.

"சுகுணான்னு ஒருத்தங்க சார், மொரப்பூர்ல இருந்து," என்று பிரபாகர் படித்தார். "ரெண்டு மாசமா தினம் ஒன்பது மணிக்கு உள்ள வர்றாங்க."

கன்டெய்னர்களுக்கு ஏற்றுமதி பேப்பர் தயார் செய்யும் சுகுணா. 'நேரத்துக்கு வந்து உக்காந்து வேலை பாக்கணும்னா சுகுணா மாதிரி இருக்கணும்' என்று போன வாரம்தான் மீட்டிங்கில் மாதவராஜ் பாராட்டினார். அந்த மீட்டிங்கிலும் சுகுணா இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்தாலே வருகை பதிவாகிவிடும் கம்பெனியில் இது நடக்கக்கூடியதுதான்.

"அவங்க வூட்டுக்காரரு லாரில அடிபட்டு படுத்த படுக்கையா கிடக்கறாருங்க சார். திருப்பிப் படுக்க வைக்கக்கூட ஆள் வேணும். இந்த வேலையும் போயிட்டா அந்தக் குடும்பத்துக்கு வேற வழியில்லீங்க. ஒரு பேப்பர்கூட இன்னிக்கு வரைக்கும் தப்பாப் போகல," என்றார் நிசார்.

"ரூல்னா ரூல்தாம்பா. பிரபாகர், விதியை மீறினவங்க ரெண்டு பேருன்னு ரிப்போர்ட்ல எழுதுங்க. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேரையும் வேலைய விட்டு எடுக்கறேன். அந்த மெஷினையும் அழிச்சிருங்க."

"என்னை அனுப்பிடுங்க சார். அந்தப் பொண்ண விட்டுருங்க."

"ரெண்டு பேரும்தான்."

பிரபாகர் எழுதிக்கொண்டார். முறைப்படி வேலை செய்பவர். "எந்த விதியை மீறினாங்கன்னு காட்ட அந்த சர்க்குலரோட ஒரிஜினலையும் சேர்க்கணும் சார்," என்று சொல்லிவிட்டு சாஃப்ட்வேரைத் தேடவிட்டார். அது பத்து மெஷினையும் துழாவியது.

"கிடைச்சிருச்சு சார். பிப்ரவரி பன்னெண்டு, காலைல பத்தே முக்காலுக்கு டைப் பண்ணது."

"எதுல இருக்குது?"

"வூட்ல சார்." இந்தத் தடவை சரியாகவே உச்சரித்தார்.

"அதெப்படி? அதை நான்தான டைப் பண்ணேன்?"

நிசார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு நாப்பது நாள் வூட்லதானங்க சார் இருந்தீங்க. உங்களுக்காகத்தான் இந்த மெஷினையே உண்டாக்குனேன். லேப்டாப்புல ஒரு பட்டன் வெச்சுக் கொடுத்தேன்ல, அதாங்க இது. சுகுணாவுக்குக் கொடுத்ததெல்லாம் பின்னாடிதான்."

மாதவராஜ் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

"இதை ஏன்யா அப்பவே லிஸ்ட்ல எழுதல?"

"எழுதறதுக்குள்ள சர்க்குலர் வந்துருச்சுங்க சார். அதுக்கப்புறம் உங்க பேரை நான் எப்படிங்க எழுதறது?"

பிரபாகர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விதியை மீறினவங்க ரெண்டு பேருன்னு எழுதிட்டேன் சார். மூணுன்னு மாத்திடவா?"