தளவாய் கேட்ட தடை

"குத்துச்சண்டையைத் தடை பண்ணத்தான் வேணும்."

தளவாய் இப்படிச் சொன்னதும் நகரசபைக் கூடமே அவனைத் திரும்பிப் பார்த்தது.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. தூத்துக்குடியில் நடந்த ஒரு குத்துச்சண்டையில் அடிபட்டவருக்குப் பேச்சே நின்றுவிட்டது. தடை வேண்டுமா, வேண்டாமா என்று பேசக் கூடியிருந்தார்கள்.

வேண்டும் என்றார் வாத்தியார் கிருபாநிதி.

"வீர விளையாட்டுங்க இது! அடி படாம விளையாட, பல்லாங்குழியா?" என்றார் வியாபாரி தாணுலிங்கம். சண்டைக்காரர்கள் சார்பில் பேசச் சொல்லித் தளவாயை அழைத்து வந்தவரும் அவர்தான்.

தளவாய் துறைமுகத்தில் பஞ்சுப்பொதி தூக்குகிறவன். மூன்று வருஷமாகத் தோற்காதவன். அவனே தடை கேட்டுவிட்டான்.

"சனிக்கிழமை தேவபிரசாதத்தோட மோதணும்லா? பயந்துட்டாம்லே!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். கூடம் சிரித்தது.

தளவாய் தலையைக் குனிந்துகொண்டான். தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் விடிந்ததும் தேவபிரசாதம் வீடு தேடி வந்துவிட்டார். நாற்பதை நெருங்கியவர். தளவாயிடம் நாலு தடவை தோற்றவர்.

"ஒரே ஒரு தடவை ஒன்னைய ஜெயிச்சிட்டு ஒதுங்கணும்னு இருந்தேன். அதையும் கெடுத்துட்டியேலே! எங்கிட்ட தோத்துருவோம்னு பயமா?"

"ஆமா அண்ணாச்சி. பயந்தான்."

"த்தூ! நீயெல்லாம் ஒரு ஆம்பளை!"

அவர் குரல் உடைந்தது. விருட்டென்று திரும்பியவரின் இடது தோள் கதவு நிலையில் மோதியது. தோளைத் தேய்த்துக்கொண்டே போய்விட்டார்.

தளவாயின் மனைவி சங்கரம்மாள் அழுதேவிட்டாள். "ஊரே சிரிக்கி. நீங்களும் பயம்னு ஒத்துக்கிடுதீங்களே!"

"அவருக்கு இடது கண்ணு தெரியாதுளா. தை மாசம் நான் குத்துன குத்து. பங்குனியில திரும்ப மோதும்போது அந்தப் பக்கம் கையை ஓங்குனேன். இமைக்கவே இல்ல மனுசன். ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு மறைச்சிக்கிட்டுத் திரியுதாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பம், நீங்க மட்டும் விலகியிருக்கலாமே? எதுக்குத் தடை கேட்டு இந்தக் கெட்ட பேரு?"



"நான் விலகுனா வேற ஒருத்தன் மேடை ஏறுவான். எந்தப் பக்கம் குத்தக் கூடாதுன்னு அவனுக்குத் தெரியாதேளா."