சத்தமாய்த் தட்டியவன்

"உனக்கு மூளை இருக்கா இல்லையா?"

மேனேஜர் கத்திய கத்தலில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

அங்கே எல்லோருக்கும் லைசென்ஸோடு திருட்டு வேலை. கம்பெனிக்காரர்களே கூப்பிட்டு, "எங்க கம்ப்யூட்டர்ல எந்தக் கதவு திறந்து கிடக்குன்னு ரகசியமா தட்டிப் பாருங்க" என்பார்கள். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தால் போதும், தட்டுகிற வேலையை அதுவே செய்யும்.

இப்போது திட்டு வாங்குகிறவன்தான் இதில் கில்லாடி. பட்டப்பெயர் பூனை. அவன் தட்டினால் காற்றுக்கும் கேட்காது என்று பேர்.

"போன வாரம் அவ்வளவு பதமா தட்டினே. இன்னிக்கு அதே கம்பெனியோட எல்லாக் கிளையையும் ஒரே நேரத்துல, முழு வேகத்துல தட்டி வச்சிருக்கே! 'மெதுவா'ன்னு ஒரு வார்த்தை கட்டளையில சேர்க்கணும். அது எங்கே?"

"மறந்துட்டேன் சார்."

"நேத்து வந்தவன்கூட மறக்க மாட்டான்யா! மாட்டிக்கிட்டோம்னா மானம் போச்சு. உன் வேலையும் போச்சு!"

போன் அடித்தது. அந்தக் கம்பெனி முதலாளியேதான். மேனேஜர் எடுத்தார்.

"பிரமாதம் சார்!" என்றது போன். "எல்லாக் கிளையிலயும் அலாரம் அலறிடுச்சு. அப்புறம்தான் பழைய பதிவையும் தோண்டிப் பாத்தோம், போன வாரமே நீங்க தட்டின தடம் இருந்துச்சு. எங்க கம்ப்யூட்டர் காவல் பிரிவுல ஒரு பொண்ணு போன வாரமே 'யாரோ தட்டறாங்க'ன்னு தலைபாடா அடிச்சுக்கிச்சு. பிரமைன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்ப இருந்தாங்க. இனிமே அந்தப் பிரிவுக்கே அவதான் தலைவி!"

"அது எங்க புது உத்தி சார்!" மேனேஜர் கூசாமல் புளுகிவிட்டு போனை வைத்தார்.

பிறகு பூனையை ஒரு மாதிரி பார்த்தார். "நிஜமா மறந்துட்டியா?"

பூனை தலையைச் சொறிந்தான்.

"இல்ல சார். நம்ம தொழில்காரங்க குரூப்ல ஒரு பொண்ணு புலம்பியிருந்துச்சு. 'ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் இன்னொரு தட்டு. யாருமே நம்பலை, என் வேலை போகப்போகுது'ன்னு. படிச்சதுமே தெரிஞ்சுபோச்சு, அது என் கைவரிசைன்னு. நாந்தான் தட்டினேன்னு வாயைத் திறந்து சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தம். அதான், எல்லார் காதுலயும் விழற மாதிரி தட்டினேன்."